தொலைந்த இசைநாடகத்தைக் கட்டி எழுப்புவது எப்படி? ‘ஸ்ட்ரைக் அப் தி பேண்ட்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிராட்வே இசைநாடகங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு சந்தேகம் கட்டாயம் வரும். எழுதியவர் உலகப் புகழ் பெற்றவர், பாட்டுகளை இன்றைக்கும் பாடுகிறார்கள், அப்புறம் எப்படி நாடகம் மட்டும் தொலைந்துபோகும்? போனது போனதுதானே, ஏன் வருடக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தேடிச் சேர்க்க வேண்டும்? இந்த இரண்டு கேள்வியும் அவற்றோடு சேர்ந்து வரும் மற்றவையும் இங்கே. உதாரணத்துக்கு நான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது கெர்ஷ்வின் சகோதரர்களின் ‘ஸ்ட்ரைக் அப் தி பேண்ட்’. தேவைப்படும் இடத்தில் மற்ற நாடகங்களும் வரும்.

முதலில், இது என்ன நாடகம்?

1927-ல் எழுதியது. இசை ஜார்ஜ் கெர்ஷ்வின், பாடல் வரிகள் அவருடைய அண்ணன் ஐரா, கதை வசனம் ஜார்ஜ் எஸ். காஃப்மன், தயாரிப்பு எட்கர் செல்வின்.

ஹோரஸ் ஜே. ஃபிளெச்சர் என்ற சீஸ் தொழிலதிபர். சுவிட்சர்லாந்திலிருந்து வரும் சீஸுக்கு அமெரிக்கா வரி போடுகிறது, சுவிட்சர்லாந்து எதிர்ப்புத் தெரிவிக்கிறது. உடனே அந்த நாட்டின் மேல் போர் தொடுக்க வேண்டும் என்கிறார் ஃபிளெச்சர். செலவைத் தானே ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார், ஒரே நிபந்தனை: போருக்குத் தன் பெயரை வைக்க வேண்டும். அமெரிக்கப் படை சுவிட்சர்லாந்து போகிறது. எதிரிகள் மலைக்கு மலை யோடல் (குரலைச் சட்டென்று ஏற்றி இறக்கிப் பாடும் மலைநாட்டுப் பாட்டு) பாடி ரகசியச் செய்தி அனுப்புகிறார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள், போரில் ஜெயிக்கிறார்கள். வெற்றி விழா முடிவதற்குள் ரஷ்யாவிலிருந்து செய்தி வருகிறது. இந்த முறை கேவியர் மீன் முட்டைக்குப் போட்ட வரி. மறுபடி பேண்டு வாத்தியம் முழங்குகிறது.

முதல் உலகப் போர் முடிந்து ஒன்பதே வருடம் ஆகியிருந்தது. மகனையோ தம்பியையோ இழந்தவர்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால், போர் என்பது வியாபாரிகள் கூட்டும் திருவிழா என்று காட்டுகிற நாடகம். 1927 ஆகஸ்ட் 29 அன்று நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்ச் ஊரில் முதல் காட்சி, செப்டம்பரில் பிலடெல்பியா. அங்கே கூட்டம் சேரவில்லை. ஒருநாள் அரங்க வாசலில் எழுத்தாளர்கள் நின்றுகொண்டிருந்தபோது பழைய காலத்து உடுப்பில் இரண்டு கனவான்கள் வண்டியிலிருந்து இறங்கினார்களாம். “கில்பர்ட்டும் சல்லிவனும் நம் நாடகத்தைச் சரிசெய்ய வந்துவிட்டார்கள்” என்றாராம் ஐரா, போன நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கில நகைச்சுவை இசைநாடக ஜோடியைச் சொல்லி. யாராலும் சரிசெய்ய முடியவில்லை. பிலடெல்பியாவில் இரண்டு வாரம் ஓடியதும் நிறுத்திவிட்டார்கள். நியூயார்க்கை அது எட்டவே இல்லை.

ஆனால் ‘ஸ்ட்ரைக் அப் தி பேண்ட்’ 1930-ல் பிராட்வேயில் ஓடியதே?

ஓடியது வேறு நாடகம் என்றே சொல்வேன். மோரி ரிஸ்கின்ட் கதையை மாற்றி எழுதினார். சீஸ் சாக்லேட் ஆனது. போர் முழுவதும் முதலாளி கண்ட கனவு என்று ஆனது. கனவாகிவிட்டால் யாருக்கும் வலிக்காது அல்லவா? கிளார்க், மெக்கல்லா என்ற நகைச்சுவை ஜோடியைச் சேர்த்தார்கள். மேடைக்குக் கீழே ரெட் நிக்கல்ஸ் நடத்திய குழுவில் பின்னாளில் ஜாஸ் உலகில் பெரும் பெயர் வாங்கிய பென்னி குட்மன், க்ளென் மில்லர், ஜீன் க்ரூப்பா எல்லோரும் வாசித்தார்கள். ஜனவரி 14 அன்று தொடங்கி 191 காட்சி நடந்தது.

இந்த வெற்றிதான் 1927 வடிவத்தைப் புதைத்தது. தோற்ற நாடகம் தோற்றதாகவே இருந்திருந்தால் அதன் தாள்கள் ஒரு மூட்டையாகவாவது கிடந்திருக்கும். திருத்தி எழுதும்போது பழைய தாள்களிலிருந்து வேண்டியதை உருவி எடுத்து, அடித்து, ஒட்டி, புது நாடகத்துக்குள் சேர்த்துவிடுவார்கள். மிச்சத்தைப் பத்திரப்படுத்த யாருக்கும் காரணம் இருக்காது.

பாட்டு அச்சில் இருந்தால் நாடகமும் இருப்பதாகத்தானே அர்த்தம்?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

1920-களில் ஒரு பதிப்பகம் அச்சிட்டது என்ன? வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் வாங்கிப் பாடக்கூடிய தனிப் பாட்டுகள். ஒரு நாடகத்தில் விற்கும் என்று தோன்றிய சில பாட்டுகள் மட்டும் கடைக்கு வரும். ஆனால் மேடையில் கேட்ட இசையில் அது சின்னப் பங்குதான். தொடக்க இசை, கூட்டப் பாடல்கள், நடனத்துக்கான இசை, திரைக்குப் பின்னால் காட்சி மாற்றும்போது வாசிப்பது, வசனத்துக்கு அடியில் மெல்ல ஓடுவது, ஒவ்வொரு அங்கத்தின் முடிவிலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இடைவிடாமல் பாடியே கதையை நகர்த்தும் நீண்ட பகுதி, இவை எதுவுமே அச்சுக்குப் போகாது. ‘ஸ்ட்ரைக் அப் தி பேண்ட்’ நாடகத்தின் பலமே இந்த நீண்ட பகுதிகளில்தான் இருந்தது.

வாத்தியக் குழுவுக்கான இசையை எழுதுவதும் பெரும்பாலும் இசையமைப்பாளர் அல்ல. ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்று தனி ஆள். ராபர்ட் ரஸ்ஸல் பென்னட் போன்றவர்கள் ஊர் ஊராக ஓட்டல் அறையில் உட்கார்ந்து இரவோடு இரவாக எழுதிக் கொடுப்பார்கள், விடிவதற்குள் நகல் எடுப்பவர்கள் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனித் தாள் எழுதுவார்கள். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பிரதிதான். நாடகம் மூடியதும் அந்தத் தாள்களால் யாருக்கும் வருமானம் இல்லை. வாடகைக்கு இடம் பிடிக்கும் குப்பை என்று தூக்கிப் போட்டவர்கள் ஏராளம்.

‘த மேன் ஐ லவ்’ இந்த நாடகத்துப் பாட்டா?

ஆமாம், ஆனால் இதற்காக எழுதியது அல்ல. 1924-ல் ‘லேடி, பீ குட்’ நாடகத்துக்கு எழுதி, நியூயார்க் வருவதற்கு முன் வெளியூரில் நடத்திப் பார்த்தபோதே எடுத்துவிட்டார்கள். 1927-ல் இங்கே சேர்த்தார்கள், நாடகமே மூடியது. 1928-ல் ‘ரோசலி’ நாடகத்தில் வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் நிற்கவில்லை. மேடையில் இடம் கிடைக்காமலே உலகம் முழுக்கப் பரவிய பாட்டு. அன்றைய பாட்டுகள் நாடகத்துக்கு நாடகம் இப்படித்தான் தாவிக்கொண்டிருந்தன. அதனால் ஒரு கையெழுத்துத் தாள் கிடைத்தால், இது எந்த நாடகத்தின் எந்த வருட வடிவம் என்று உறுதி செய்வதே தனி வேலை.

செகாகஸ் கிடங்கு என்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறையில் எல்லோரும் பெருமூச்சோடு சொல்லும் பெயர். வார்னர் பிரதர்ஸ் 1929-ல், பேசும் படம் வந்த வேகத்தில், விட்மார்க், ஹார்ம்ஸ், ரெமிக் ஆகிய இசைப் பதிப்பகங்களை வாங்கியது. படங்களுக்குப் பாட்டு வேண்டும், அதற்கு உரிமை வேண்டும். பதிப்பகங்களோடு அவர்களுடைய பழைய காகிதங்களும் வந்து சேர்ந்தன. அவை கைமாறி, இடம் மாறி, கடைசியில் நியூ ஜெர்சியின் செகாகஸில் ஒரு கிடங்கில் அடைந்தன.

1982-ல் டொனால்ட் ரோஸ் என்ற ஆர்க்கெஸ்ட்ரேட்டர் கண்ணில் அவை பட்டன. சுமார் 80 பெட்டிகள். நாடக வரலாற்று ஆய்வாளர் ராபர்ட் கிம்பலை அழைத்துக் காட்டினார்கள். கெர்ஷ்வின், ஜெரோம் கெர்ன், கோல் போர்ட்டர், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், விக்டர் ஹெர்பர்ட் என்று ஒரு தலைமுறையின் கையெழுத்துப் பிரதிகள் அங்கே இருந்தன. கெர்ஷ்வினின் ‘பிரிம்ரோஸ்’, ‘டிப்-டோஸ்’, ‘பார்டன் மை இங்கிலிஷ்’ நாடகங்களின் இசை அங்கேதான் கிடைத்தது. கெர்னின் ‘ஷோ போட்’ நாடகத்தில் முதல் காட்சிக்கு முன்பே வெட்டப்பட்ட இசையும் அங்கே இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் நாடகம் கையில் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இருந்தவை பட்டியல் இல்லாத, வரிசை இல்லாத தாள்கள். ஒரு நாடகத்தின் ட்ரம்பெட் தாள் ஒரு பெட்டியில், வயலின் தாள் இன்னொன்றில், தலைப்பே இல்லாத பென்சில் குறிப்பு மூன்றாவதில். அவற்றைப் பிரித்து அடையாளம் கண்டு பட்டியல் போட்டு, செய்தி பரவலாக வெளியே வரும்போது 1987 ஆகிவிட்டது.

ஆவணங்களை வேறெங்கே தேடுவார்கள்?

முதலில் அமெரிக்க காங்கிரஸ் நூலகம். கெர்ஷ்வின் சகோதரர்களின் காகிதங்கள் அங்கே இருக்கின்றன. அதே அளவு முக்கியமானது, அதிகம் பேர் யோசிக்காதது: காப்புரிமைப் பதிவுக்காகக் கொடுத்த தட்டச்சுப் பிரதிகள். அச்சாகாத நாடகமாக இருந்தாலும் உரிமையைப் பதிவு செய்ய ஒரு பிரதி கொடுத்திருப்பார்கள். மேடையில் பேசியது அந்தப் பிரதியில் உள்ளபடியே இருக்காது, பெரும்பாலும் ஒத்திகைக்கு முந்தைய வடிவம். ஆனாலும் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

லண்டனில் ஓடிய நாடகம் என்றால் தேடுபவருக்கு அதிர்ஷ்டம். பிரிட்டனில் 1968 வரை எந்த நாடகத்தையும் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்தில் தணிக்கைக்குக் கொடுத்த பின்தான் மேடையேற்ற முடியும். கொடுத்த பிரதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கருத்துரிமைக்கு எதிராக இருந்த ஒரு வழக்கம், தன்னை அறியாமலே நாடக உலகத்தின் மிகப் பெரிய காப்பகத்தை உருவாக்கிவிட்டுப் போயிருக்கிறது. ‘பிரிம்ரோஸ்’ 1924-ல் லண்டனுக்காகவே எழுதப்பட்ட நாடகம்.

நியூயார்க்கில் லிங்கன் சென்டரில் இருக்கும் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவு, ஷூபர்ட் நிறுவனத்தின் காப்பகம், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருக்கும் டாம்ஸ்-விட்மார்க் தொகுப்பு, இவையும் உண்டு. அப்புறம் நிகழ்ச்சி நிரல்கள், பத்திரிகை விமர்சனங்கள், புகைப்படங்கள். வாரா வாரம் அச்சான நிகழ்ச்சி நிரலை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த வாரம் எந்தப் பாட்டு மறைந்தது, எது இடம் மாறியது என்று தெரிந்துவிடும்.

கிடைக்கும் தாள்களில் எது அதிகம் உதவும்? இசையமைப்பாளரின் கையெழுத்துப் பிரதிதானே?

பார்க்கப் பரவசமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் நாடகத்தைக் கட்டுபவருக்கு அதைவிட உதவுவது வாத்தியக்காரர் ஸ்டாண்டில் வைத்து வாசித்த அழுக்குத் தாள்.

ஒரு இரண்டாவது வயலின் தாளை நினைத்துப் பாருங்கள். ஓரங்களில் விரல் பட்டுப் பழுப்பேறியிருக்கும். மை எழுத்து நகல் எடுத்தவருடையது. அதன் மேல் பென்சிலில் நீளமாக ஒரு கோடு, பதினாறு தாளக்கட்டு வெட்டு. வேறொரு நிறப் பென்சிலில் அந்த வெட்டை ரத்து செய்து மறுபடி வாசிக்கச் சொல்லும் குறிப்பு. ஓரிடத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே பழைய இசை அப்படியே இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம். பாட்டின் சுருதியை ஒரு படி இறக்கியிருந்தால், பாடகியை மாற்றியிருக்கிறார்கள் அல்லது அவர் தொண்டை கட்டியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வாத்தியக்காரர் நேரத்தைப் போக்க ஊர் பெயரையும் தேதியையும் எழுதி வைத்திருந்தால் அதுவே பொக்கிஷம். இந்த வடிவம் இந்த ஊரில் வாசிக்கப்பட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

இன்னொன்று, வாத்தியக் குழுவை நடத்துபவர் கையில் வைத்திருக்கும் பியானோத் தாள். பிராட்வேயில் அநேகமாக எல்லா வாத்தியங்களும் அடங்கிய முழு ஸ்கோரை வைத்து நடத்த மாட்டார்கள், பியானோ வரியில் வாத்தியக் குறிப்புகள் எழுதிய சுருக்கத்தை வைத்தே நடத்துவார்கள். ஒவ்வொரு இசைப் பகுதிக்கு மேலேயும் அதற்கு முன் பேசப்படும் கடைசி வசனம் எழுதியிருக்கும், அதைக் கேட்டதும் கை தூக்க வேண்டும் என்பதற்காக. அந்த ஒரு வரியைத் தட்டச்சுப் பிரதிகளில் தேடினால் எந்தத் திருத்தத்துக்கு எந்த இசை என்று பொருந்திவிடும். கதைப் பிரதியும் இசைத் தாளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் இந்த இடத்தை நான் படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்த்துப் போகிறேன். யாரும் வருங்காலத்துக்காக எழுதியது அல்ல, அன்று இரவு தப்பு வரக்கூடாது என்று எழுதியது.

எந்த வடிவத்தை மீட்க வேண்டும்? முதல் நாளா, கடைசி நாளா?

இதுதான் உண்மையில் கடினமான கேள்வி. தாளைத் தேடுவதுகூட அதற்கு அப்புறம்தான்.

ஓவியம் என்றால் வரைந்து முடித்த ஒரு நிலை இருக்கும். இசைநாடகம் ஓடும்வரை மாறிக்கொண்டே இருக்கும். ‘ஷோ போட்’ 1927 நவம்பர் 15 அன்று வாஷிங்டனில் முதன்முதலில் நடந்தபோது நான்கு மணி நேரத்தைத் தாண்டியது. டிசம்பர் 27 அன்று நியூயார்க் வருவதற்குள் வெட்டித் தள்ளினார்கள். அப்படி வெட்டியதில் ஒன்று ‘மிஸ்ரிஸ் கமின் அரவுண்ட்’ என்ற நீண்ட கூட்டப் பாடல். வரப்போகும் துயரத்தைக் கறுப்பினத் தொழிலாளர்கள் முன்கூட்டியே உணர்ந்து பாடுவது. கெர்னுக்கு அதை விட மனமில்லை. தொடக்க இசையில் அதன் மெட்டை வைத்திருந்தார், 1928-ல் வந்த அச்சுப் பிரதியிலும் அதைச் சேர்க்க வைத்தார். 1988-ல் ஜான் மெக்லின் என்ற வாத்தியக் குழு நடத்துபவர் மூன்று குறுந்தட்டுகளில் ‘ஷோ போட்’ இசை முழுவதையும் பதிவு செய்தபோது அந்தப் பாட்டு தன் இடத்துக்குத் திரும்பியது. வெட்டிய வேறு சில பாட்டுகளைப் பின்னிணைப்பாக வைத்தார். 1994-ல் இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸ் நாடகத்தை மறுபடி மேடையேற்றியபோது அவரும் அந்தப் பாட்டைச் சேர்த்துக்கொண்டார்.

‘ஸ்ட்ரைக் அப் தி பேண்ட்’ விஷயத்தில் ஆசை வேறு வழியில் இழுக்கும். 1927-ல் கதை பலமானது, 1930-ல் இனிமையான புதுப் பாட்டுகள் இருக்கின்றன. இரண்டையும் கலந்தால் என்ன? 1984-ல் பிலடெல்பியாவில் மேடையேற்றியபோது கலந்துதான் செய்தார்கள். ஆனால் கலக்கும்போது நாடகத்தின் நரம்பு அறுந்துவிடுகிறது என்பது என் எண்ணம். ‘சூன்’ என்ற காதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1927-ல் அது தனிப் பாட்டே அல்ல. முதல் அங்கத்தின் முடிவில், எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு சின்ன இசைத் துணுக்காக வந்து போகிறது. அதை எடுத்து 1930-ல் முழுப் பாட்டாக வளர்த்தார்கள். இரண்டையும் ஒரே நாடகத்தில் வைத்தால் விதையும் மரமும் ஒரே குழியில் நிற்கும்.

இந்த நாடகத்தின் இசை 1991-ல் பதிவாக வந்தபோது, அதை மீட்டுக் கட்டிய டாமி க்ராஸ்கர் எடுத்த முடிவு இதனால்தான் எனக்குப் பிடிக்கும். 1927 வடிவத்தை முழுதாகக் கட்டினார், 1930 பாட்டுகளைப் பின்னிணைப்பாகத் தள்ளி வைத்தார். எது எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியும்.

கிடைக்காத பகுதிகளை என்ன செய்வார்கள்?

வாத்திய இசை போய், பியானோ வடிவம் மட்டும் இருந்தால் வேலை ஓரளவு நேரானது. அந்தக் காலத்துப் பாணி தெரிந்த ஒருவர் புதிதாக எழுத வேண்டும். இருபது முப்பது பேர் உள்ள குழு, மைக் இல்லாத அரங்கம், பாடகரின் குரலை மூடாமல் வாசிக்க வேண்டும். சாக்ஸபோன்காரரே க்ளாரினெட்டும் வாசிப்பார், வாத்தியம் மாற்றிக்கொள்ள அவருக்கு நாலைந்து தாளக்கட்டு இடைவெளி தர வேண்டும். இதெல்லாம் தெரியாமல் எழுதினால் ஹாலிவுட் படத்துப் பின்னணி இசை மாதிரி வீங்கிவிடும். 1991 பதிவுக்கு இந்த வேலையைப் பல ஆர்க்கெஸ்ட்ரேட்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். வாத்தியக் குழுவை ஜான் மவுசேரி நடத்தினார்.

சில வாத்தியங்களின் தாள் மட்டும் கிடைத்தால் அது துப்பறியும் வேலை. மூன்றாம் ட்ரம்பெட்டும் வயோலாவும் கையில் இருந்தால் நடுக் குரல்கள் தெரியும். மேல் மெட்டு பாட்டிலிருந்து தெரியும். கீழ் சுரத்தைப் பியானோத் தாள் சொல்லும். மீதி என்னவாக இருந்திருக்க முடியும் என்பது வெகுவாகச் சுருங்கிவிடும்.

வரிகள் இருந்து மெட்டு போயிருந்தால்தான் சங்கடம். அதே இசையமைப்பாளர் பயன்படுத்தாமல் விட்ட வேறு மெட்டைப் பொருத்தலாம், அவர் பாணியில் புதிதாக எழுதலாம், வசனமாகப் பேசவிட்டுத் தாண்டலாம். மூன்றையும் செய்திருக்கிறார்கள். எதைச் செய்தாலும் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: இது கண்டெடுத்தது, இது நாங்கள் எழுதியது என்று பிரித்து எழுதி வைக்க வேண்டும். ரசிகரிடமும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் முப்பது வருடம் கழித்து அடுத்த ஆய்வாளர் இந்தப் புதுத் துண்டை கெர்ஷ்வின் கையெழுத்து என்று நம்பி மேற்கொண்டு கட்டுவார்.

அதிகம் தொலைவது நடன இசை. ஒத்திகைப் பியானோக்காரர் நடன அமைப்பாளரோடு உட்கார்ந்து அங்கேயே உருவாக்குவது அது. நடனமோ கிட்டத்தட்ட முழுக்கவே போய்விடும். புகைப்படத்தில் கால் எங்கே இருந்தது என்று தெரியும், அடுத்து எங்கே போனது என்று தெரியாது.

பழைய இசைத்தட்டுகள் உதவாதா?

உதவும், ஆனால் அமெரிக்காவில் அன்றைக்கு நாடகக் குழுவே பாடிய பதிவுகள் குறைவு. 1943-ல் ‘ஓக்லஹோமா!’ இசைத்தட்டுத் தொகுப்பு வெற்றி பெற்ற பிறகுதான் அந்த வழக்கம் நிலைத்தது. லண்டனில் அதற்கு முன்பே செய்தார்கள். 1926-ல் நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டேரும் அக்கா அடேலும் ‘லேடி, பீ குட்’ பாட்டுகளை லண்டனில் பதிவு செய்தார்கள், சில பாட்டுகளுக்கு கெர்ஷ்வினே பியானோ வாசித்தார். வேகம் எப்படி, எங்கே இழுத்தார்கள், எங்கே கிண்டலாகப் பாடினார்கள் என்று எந்தத் தாளும் சொல்லாததை அது சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இடம் இருக்கும். அதற்குள் முடிக்க ஓடிப் பாடியதை மேடை வேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதிவே நடக்காமல் போனதால் மறக்கப்பட்ட நாடகமும் உண்டு. கர்ட் வைல் இசையமைத்து ஆலன் ஜே லெர்னர் எழுதிய ‘லவ் லைஃப்’ 1948 அக்டோபரில் தொடங்கி 252 காட்சி ஓடியது. அந்த வருடம் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தத்தில் இருந்தது. இசைத்தட்டு வரவில்லை, வீட்டில் கேட்க ஒன்றும் இல்லை, நாடகம் பெயரளவில் நின்றது. தாள்கள் எல்லாம் இருந்தும் இப்படித் தொலைய முடியும். 2025-ல் பிரிட்டனில் ஆப்பரா நார்த் குழுவும், நியூயார்க்கில் பழைய நாடகங்களை மீட்டு நடத்தும் என்கோர்ஸும் அதை மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

உயிரோடு இருந்தவர்களின் நினைவை நம்பலாமா?

ஆளைப் பொறுத்தது. கெர்ஷ்வினின் நெருங்கிய தோழியும் தாமே இசையமைப்பாளருமான கே ஸ்விஃப்ட் நல்ல உதாரணம். ஜார்ஜ் 1937-ல் 38 வயதில் இறந்தார். அவர் விட்டுப்போன நோட்டுப் புத்தகங்களையும் குறிப்புகளையும் ஸ்விஃப்டும் ஐராவும் உட்கார்ந்து பார்த்து, 1947-ல் வந்த ‘த ஷாக்கிங் மிஸ் பில்கிரிம்’ படத்துக்கு முழுப் பாட்டுத் தொகுதியையே தேற்றி எடுத்தார்கள். பக்கத்திலேயே இருந்து வாசித்துக் கேட்டவர் என்பதால் அவர் ஞாபகம் ஒரு காப்பகத்துக்குச் சமம். அவருடைய சொந்த நாடகமான ‘ஃபைன் அண்ட் டாண்டி’ (1930) கூட வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2004-ல்தான் முழுமையாகப் பதிவு கண்டது. அடுத்தவர் இசையைக் காப்பாற்றியவருக்கு இத்தனை தாமதமாகவா என்று மனம் கனக்கிறது.

இன்றைக்கு உறுத்தும் பகுதிகளை அப்படியே வைக்க வேண்டுமா?

பதிவு வேறு, மேடை வேறு என்று நினைக்கிறேன்.

‘ஷோ போட்’ தொடங்கும் முதல் வரியிலேயே கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் வார்த்தை இருந்தது. மெக்லின் தன் பதிவில் 1927-ல் எழுதியபடியே வைத்தார். முதலில் ஒப்பந்தமான கறுப்பினப் பாடகர் குழு அதைப் பாட மறுத்து விலகியது. அவர்கள் மறுத்ததில் முழு நியாயம் இருந்தது. ஆவணத்துக்கு அந்த வார்த்தை தேவை என்பது எழுத்தில் பொருந்தும். பாடுகிறவர் வாயிலிருந்து அதை வரவழைக்கும் உரிமை எந்த ஆய்வாளருக்கும் இல்லை.

‘ஷஃபிள் அலாங்’ இன்னும் சிக்கலானது. 1921 மே மாதம் நியூயார்க்கில் தொடங்கி சுமார் 500 காட்சி ஓடிய நாடகம். நோபிள் சிசில், யூபி பிளேக், மில்லர், லைல்ஸ் என எழுதியவர்கள் நால்வரும் கறுப்பினத்தவர், நடித்தவர்களும் அப்படியே. வில் வோடரி வாத்திய இசை எழுதினார். வில்லியம் கிராண்ட் ஸ்டில் குழுவில் உட்கார்ந்து ஓபோ வாசித்தார். அமெரிக்க மேடையின் திசையையே மாற்றிய நாடகம். ஆனால் நகைச்சுவைக் காட்சிகளில் நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டார்கள், அன்றைய வெள்ளையர் ரசனைக்கு அது வேண்டியிருந்தது. 2016-ல் இயக்குநர் ஜார்ஜ் சி. வுல்ஃப் அதை எடுத்தபோது பழைய நாடகத்தை அப்படியே நடத்தவில்லை. அந்த நாடகம் உருவான கதையையே நாடகமாக்கி, பழைய பாட்டுகளை அதற்குள் வைத்தார். இரண்டு வருடம் கழித்து, எஞ்சியிருந்த ஆவணங்களிலிருந்து திரட்டிய ஆய்வுப் பதிப்பு தனியாக வெளிவந்தது. இரண்டும் வேண்டும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

காப்புரிமை சிக்கல் வருமா?

வரும். அமெரிக்காவில் 1927-ல் வெளியானவை 2023 ஜனவரி 1 அன்றும், 1930-ல் வெளியானவை 2026 ஜனவரி 1 அன்றும் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஆனால் மேடையில் பாடியது சட்டப்படி வெளியீடு ஆகாது. அச்சாகாமல் பெட்டியில் கிடந்த கூட்டப் பாடலுக்குக் கணக்கு வேறு, பொதுவாக எழுதியவர் இறந்து 70 வருடம். 1978-க்கும் 2002-க்கும் நடுவில் முதன்முதலாக வெளியிட்டிருந்தால் 2047 முடியும்வரை உரிமை நீடிக்கும். ஒரே நாடகத்தில் ஒரு பாட்டு எல்லோருக்கும் சொந்தம், அடுத்த பாட்டு குடும்பத்துக்குச் சொந்தம் என்று ஆகும். புதிதாக எழுதிச் சேர்த்த வாத்திய இசைக்குத் தனி உரிமை. ஆகவே முதல் தாளைத் தொடுமுன் உரிமைதாரர்களிடம் பேசிவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

வியாபாரக் கணக்குப் பார்த்தால் ஒரு பைசா தேறாது. கெர்ஷ்வின் நாடகங்களுக்கு ஐராவின் மனைவி லியோனோர் கெர்ஷ்வின் துணை நின்றார். காங்கிரஸ் நூலகத்தோடு சேர்ந்து அவர் தொடங்கிவைத்த பதிவு வரிசையில்தான் ‘கேர்ள் கிரேஸி’, ‘ஸ்ட்ரைக் அப் தி பேண்ட்’, ‘லேடி, பீ குட்’, ‘பார்டன் மை இங்கிலிஷ்’ எல்லாம் வந்தன. ‘பார்டன் மை இங்கிலிஷ்’ 1933-ல் ஐம்பது காட்சியைக்கூடத் தொடாமல் மூடிய நாடகம். அதற்கும் அதே அக்கறையோடு செலவழித்தார்கள். மேடையைப் பொறுத்தவரை நியூயார்க் சிட்டி சென்டரின் என்கோர்ஸ் 1994-லிருந்து பழைய நாடகங்களை எடுத்து, குறைந்த அரங்க அமைப்போடு, முழு வாத்தியக் குழுவை மேடையிலேயே உட்காரவைத்துச் சில நாட்கள் மட்டும் நடத்துகிறது. 1998-ல் அங்கே ‘ஸ்ட்ரைக் அப் தி பேண்ட்’ நடந்தது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1990-ல் வந்த ‘கேர்ள் கிரேஸி’ பதிவிலிருந்து. ராபர்ட் ரஸ்ஸல் பென்னட்டின் பழைய வாத்திய இசை அந்த நாடகத்துக்குப் பிழைத்திருந்தது. அந்தக் காலத்துக் குழு எவ்வளவு ஒல்லியாக, எவ்வளவு துடிப்பாக ஒலித்தது என்று காதுக்குப் பழகிவிடும். அதன்பிறகு 1991-ன் ‘ஸ்ட்ரைக் அப் தி பேண்ட்’. பிரபலமான பாட்டுகளைத் தாண்டி முதல் அங்கத்தின் முடிவுப் பகுதிக்கு நேராகப் போங்கள். காதலன் உண்மையைச் சொல்கிறான், கூட்டம் அவனைத் தேசத்துரோகி என்கிறது, காதலியும் கூட்டத்தோடு சேர்கிறாள், அதற்குள் ராணுவ நடை தொடங்கிவிடுகிறது. அத்தனையும் பாட்டிலேயே நடக்கிறது. 1927 செப்டம்பரில் பிலடெல்பியாவில் இதைக் கேட்கக் கூட்டம் சேரவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.